புது வீட்டில் வெடிப்பும் ஒழுக்கும்: டெல்டாவில் வீடு கட்டியவர்கள் ஒப்பந்தக்காரரிடம் கேட்டு வாங்குவது எப்படி

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வயலைத் தூர்த்து மனை போட்ட இடத்தில் 1,150 சதுர அடிக்கு ஒரு வீடு கட்டினோம். சதுர அடி 2,000 ரூபாய் என்று பேசி, மொத்தம் 23 லட்சம். 2021 ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோனோம். அந்த ஐப்பசியிலேயே ஹால் மூலையில் தண்ணீர் இறங்கியது, குளியலறைக்கு வெளிப்பக்கச் சுவர் நனைந்து பச்சை பிடித்தது. அடுத்த சித்திரை வெயிலில் மேற்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஒரு வெடிப்பு கிளம்பி, ஆடி வருவதற்குள் விரல் நகம் நுழையும் அளவுக்கு விரிந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் ஊருக்குத் தெரிந்தவர், அப்பாவோடு பழக்கம். "புது வீடுன்னா ரெண்டு வெடிப்பு இருக்கத்தான் செய்யும் தம்பி, ஒரு மழை ஒரு வெயில் பாக்கட்டும்" என்றார். நானும் பார்த்தேன். ஒன்றரை வருடம் போய்விட்டது.

கடைசியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போய், 2024 கார்த்திகையில்தான் ஒரு முடிவு வந்தது. முதல் மாதத்திலேயே என்ன எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் இந்த அலைச்சலில் பாதி மிச்சமாகியிருக்கும். நீங்கள் இப்போது அந்த முதல் மாதத்தில் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

1. உங்கள் வீடு எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் பொறுத்துத்தான் எங்கே போவது, எத்தனை நாளுக்குள் போவது என்பதெல்லாம் மாறும்.

சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டியது: நம் பக்கம் பெரும்பாலும் இதுதான். இங்கே 'ரெரா' என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உதவாது, அது விற்பனைக்குக் கட்டுகிறவர்களுக்கானது. வாரண்டி என்று தனியாக எதுவும் தானாக வராது, ஒப்பந்தத்தில் எழுதியதுதான் வாரண்டி. ஆனால் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதற்கான விளக்கத்திலேயே வீடு கட்டுமானத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். அதனால் ஒப்பந்தத்தில் வாரண்டி என்று ஒரு வார்த்தை இல்லாவிட்டாலும், வேலையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

புரமோட்டரிடம் கட்டிய வீடாகவோ பிளாட்டாகவோ வாங்கியது: இதற்கு ரெரா உண்டு, கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

லேபர் கான்ட்ராக்ட், அதாவது சிமெண்டு, கம்பி, ஜல்லி எல்லாம் நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் மேஸ்திரிக்கு: இதிலும் கேட்க முடியும், ஆனால் கஷ்டம். மேஸ்திரியின் முதல் பதில் "நீங்க வாங்கிக் குடுத்த சரக்கு சரியில்ல" என்பதாகத்தான் இருக்கும். அதனால் சிமெண்டு, கம்பி, செங்கல் வாங்கிய பில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். அந்த பில்தான் அவர் வாயை அடைக்கும்.

2. கடைசிப் பணத்தையும் கடைசிக் கையெழுத்தையும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்

வேலை முடியும்போது இரண்டு விஷயம் நடக்கும். மிச்சப் பணம் கேட்பார்கள், அதோடு "வேலை முழுவதும் திருப்தியாக முடிந்தது, எந்தப் பாக்கியும் இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்பார்கள். புகுவிழா அவசரத்தில், சொந்தபந்தம் வந்து நிற்கும் நேரத்தில் நானும் போட்டேன். ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டிய காகிதம் அதுதான். பிறகு தெரியவரும் குறையை அந்தக் கையெழுத்து மறைத்துவிடாது என்று வாதாடி மீண்டோம், ஆனாலும் தேவையில்லாத தலைவலி. கையெழுத்து போட்டே ஆக வேண்டும் என்றால் அதற்கு மேலேயே "கீழ்க்கண்ட வேலைகள் பாக்கி, மழைக்குப் பிறகு தெரியவரும் ஒழுக்கு, வெடிப்பு ஆகியவற்றை ஒப்பந்தக்காரர் சரிசெய்து தர வேண்டும்" என்று பேனாவால் எழுதிவிட்டுப் போடுங்கள், அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னும் கட்ட ஆரம்பிக்கவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மொத்தத் தொகையில் 5 சதவீதத்தை ஒரு முழு மழைக்காலம் முடிந்து தை மாதம்தான் தருவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, அது தாண்டினால்தான் மொட்டை மாடியின் யோக்கியதை தெரியும். எழுதாமல் நீங்களாகப் பணத்தைப் பிடித்து வைத்தால், அதை வைத்தே அவர் உங்கள் மேல் எதிர்வழக்கு போட இடம் உண்டு. என் மைத்துனருக்கு அது நடந்தது.

இன்னொரு வரியும் கட்டாயம் சேருங்கள்: கடைக்கால் ஆழம் எங்கிருந்து அளப்பது என்று. வயலைத் தூர்த்த மனையில் 3 அடி மண் கொட்டியிருந்தால், மேலிருந்து 5 அடி தோண்டினாலும் பழைய மண்ணுக்குள் 2 அடிதான் போகிறது. "பழைய வயல் மட்டத்திலிருந்து இத்தனை அடி" என்று இருக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் வெறுமனே 5 அடி என்றுதான் இருந்தது. அந்த 5 அடியும் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

3. குறைகளைப் பருவம் பார்த்துத் தேடுங்கள், தேதி போட்டு எழுதுங்கள்

நம் மண் களிமண். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வயலில் பாளம் பாளமாக வெடிக்கும், அதே ஆட்டத்தைக் கடைக்காலுக்கு அடியிலும் ஆடும். மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது நிலத்தடி நீர் ஏறி, சுவர் அடியில் ஓதம் தெரியும். வாய்க்கால் காய்ந்த பிறகு, சித்திரை வைகாசியில், வெடிப்பு விரியும். அதனால் ஒரு வருடத்தில் இரண்டு தடவையாவது வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள், கார்த்திகையில் ஒன்று, வைகாசியில் ஒன்று. ஒரு நோட்டு போட்டு அறை அறையாக எழுதுங்கள்.

வெடிப்பு எல்லாம் ஒன்றல்ல. பூச்சில் மட்டும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் இருந்தால் அது பூச்சு வேலையும் தண்ணீர் காட்டாததும்தான், ஆபத்தில்லை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வெடித்தால், அந்த மூட்டில் கோழி வலை அடிக்காமல் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம், இது கைவேலைக் குறை. ஜன்னல் அல்லது கதவு மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் வரிசையைப் பிடித்துப் படிக்கட்டு மாதிரி ஏறினால் அடியில் ஏதோ இறங்குகிறது, அதை உடனே கவனியுங்கள். பூச்சா சுவரா என்று சந்தேகம் வந்தால் உள்ளங்கை அளவுக்குக் காரையை உரித்துப் பாருங்கள், செங்கலிலும் கோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கான்கிரீட்டில் விழும் வெடிப்புக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு பொதுவாக 0.3 மில்லிமீட்டர் என்ற எல்லையை வைக்கிறது. 0.5 பென்சிலில் போடும் ஊசி உள்ளே நுழைந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வெடிப்பு இன்னும் நகர்கிறதா என்று பார்க்கச் சின்னக் கண்ணாடித் துண்டை அதன் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து இரண்டு பக்கமும் ஒட்டி, கண்ணாடியில் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. எங்கள் வீட்டில் ஒட்டிய இரண்டு கண்ணாடியும் ஏழு வாரத்தில் உடைந்தன, அந்தப் படம்தான் எல்லா ஆதாரத்திலும் அதிகம் பேசியது.

குளியலறைக்கு: தரைக்குழாயைத் துணி வைத்து அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள், வெளிச்சுவரோ கீழ்த்தளமோ ஈரமாகிறதா பாருங்கள். மாடியிலும் இதேபோல் பாத்தி கட்டிப் பார்க்கலாம். தரை டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் அடியில் கலவை இல்லாத இடம் வெற்றுச் சத்தம் கொடுக்கும், சாக்பீஸால் குறித்துப் படம் எடுங்கள். தூர்த்த மண்ணைச் சரியாகத் தண்ணீர் விட்டு இறுக்காமல் தரை போட்டிருந்தால் தரை இறங்கும், ரசமட்டம் வைத்தால் தெரியும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வீடு என்றால் உப்பையும் பாருங்கள். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தால், கட்டும்போது ஊற்றிய போர் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. அதே போரிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தால் அளவு சொல்லிவிடுவார்கள், செலவும் அதிகமில்லை. சுவர் உப்பு அசிங்கம் என்றால் கான்கிரீட் உப்பு ஆபத்து, உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி காரையைத் தள்ளும்.

படம் எடுக்கும்போது அளவுகோலை ஒட்டி வைத்து ஒரு படம், அறை முழுக்கத் தெரிய இன்னொரு படம். கிட்டப் படம் மட்டும் இருந்தால் அது எந்த வீட்டுச் சுவர் என்று கேட்பார்கள்.

4. ஆதாரம் எடுக்கும் முன் ரிப்பேர் வேண்டாம்

ஒழுகினால் மனசு கேட்காது, யாரையாவது கூப்பிட்டு வாட்டர்புரூஃப் அடிக்கத் தோன்றும். நாங்கள் முதல் வருடமே 18,000 ரூபாய்க்கு மாடியில் ரசாயனம் அடித்தோம். ஒழுக்கு நிற்கவில்லை. மாடியில் பதிக்கும் தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் போடாமல் வெறும் சிமெண்டுக் கலவையில் ஓடுகளை ஒட்டியிருந்தார்கள், அதன் மேல் எதை அடித்து என்ன. ஆணையத்தில் எதிர்த்தரப்பு சொன்னது: "வேறு ஆளை வைத்து வேலை செய்த பிறகுதான் ஒழுகுகிறது." தற்காலிகமாகத் தார்ப்பாய் போடுங்கள், பாத்திரம் வையுங்கள், ஆபத்தான சன்ஷேடு என்றால் முட்டுக் கொடுங்கள். நிரந்தர வேலை எதுவானாலும் இன்ஜினியர் வந்து பார்த்து எழுதிய பிறகுதான்.

5. ஒப்பந்தக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள்

போனில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும். சண்டை போடத் தேவையில்லை, மரியாதையாகவே எழுதலாம், ஆனால் எழுத வேண்டும். நான் கடைசியில் அனுப்பிய கடிதம் ஏறக்குறைய இப்படி:

"ஐயா, தாங்கள் கட்டித் தந்த எங்கள் வீட்டில் கீழ்க்கண்ட குறைகள் உள்ளன. ஹால் வடகிழக்கு மூலையில் கூரை ஒழுக்கு, முதலில் கண்டது இன்ன தேதி. மேற்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வான வெடிப்பு, முதலில் கண்டது இன்ன தேதி. இவற்றைத் தாங்கள் நேரில் வந்து பார்த்து, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எந்த முறையில், எந்தத் தேதிக்குள் சரிசெய்து தருவீர்கள் என்று எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

படங்களோடு வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன், தபாலிலும் அனுப்பினேன். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், இப்போது ஸ்பீடு போஸ்டிலேயே சேர்ந்ததற்கான சான்று கேட்டு வாங்குங்கள். ரசீதையும் சான்றையும் கடிதத்தின் நகலோடு பின் செய்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்ய அதோடு ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும், முன்பு 65பி என்று சொன்ன அந்தச் சான்றிதழ் இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63(4) பிரிவில் வருகிறது.

முக்கியமான பொறி இதுதான். அவர் "தை பிறக்கட்டும், அறுப்பு முடியட்டும், ஆளு இல்ல" என்று தள்ளிக்கொண்டே போவார், சில நேரம் ஆளை அனுப்பி ஒரு பக்கம் பூசியும் விடுவார். மனசு இளகிவிடும். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம்தான். அவர் கொடுக்கும் வாக்குறுதியால் அந்தக் கெடு நீளும் என்று நம்பி உட்காராதீர்கள். முதல் ஒழுக்கு தெரிந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். எனக்கு 2021 ஐப்பசி, அதனால் 2023 ஆகஸ்டில் மூச்சுப் பிடித்துத் தாக்கல் செய்தேன். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்க அதிகாரம் உண்டு, ஆனால் அதற்கே ஒரு தனி மனு, தனி வாதம்.

6. வெளி இன்ஜினியரிடம் ரிப்போர்ட் வாங்குங்கள்

நீங்கள் எத்தனை படம் காட்டினாலும், காரணம் என்ன என்று தகுதியுள்ள ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் நிற்கும். கட்டட அமைப்பில் அனுபவமுள்ள சார்ட்டர்டு இன்ஜினியரைப் பிடியுங்கள், ஒப்பந்தக்காரருக்குத் தொழில் போட்டியாக அதே ஊரில் இருப்பவர் வேண்டாம். திருச்சி என்.ஐ.டி. மாதிரிப் பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகளும் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதனை செய்து தருகின்றன.

அவர் வரும் தேதியை ஒப்பந்தக்காரருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள், "தாங்களும் உடன் இருக்கலாம்" என்று. வரமாட்டார். பரவாயில்லை, அழைத்தீர்கள் என்பது பதிவாகிவிட்டது.

எங்கள் வீட்டில் செய்தவை: சுவரை ஒட்டி 3 அடிக்கு 3 அடி குழி தோண்டி கடைக்காலைத் திறந்து பார்த்தார். ஒப்பந்தத்தில் 5 அடி, அங்கே இருந்தது 3 அடி 8 அங்குலம். டேப்பைக் குழிக்குள் விட்டு எடுத்த அந்த ஒரு படத்துக்குப் பிறகு "அது மண்ணோட குணம் சார்" என்ற பேச்சே எழவில்லை. மண்ணின் குணம் தெரிந்துதானே கட்டுகிறார்கள்! களிமண்ணுக்கு என்ன மாதிரிக் கடைக்கால் போடுவது என்று முடிவு செய்யத்தான் மண் பரிசோதனை, எங்களுக்கு அது செய்யப்படவே இல்லை என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதினார். கூரைக்கும் தூணுக்கும் கான்கிரீட்டின் வலிமையைப் பார்க்கும் ரீபவுண்ட் ஹாமர் என்ற கருவியை வைத்துப் பார்த்தார். அது மேற்பரப்பை வைத்துச் சொல்லும் உத்தேச அளவு, அதை மட்டும் நம்பி யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பலமான சந்தேகம் இருந்தால் கான்கிரீட்டைத் துளைத்து உருளைத் துண்டாகக் கோர் எடுத்துச் சோதிக்க வேண்டும், செலவு கூடும். கோர்களின் சராசரி வலிமை அந்த கான்கிரீட்டுக்கு எதிர்பார்க்கும் வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையாமலும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாமலும் இருந்தால் அதை ஏற்கலாம் என்பது ஐ.எஸ். 456 கணக்கு.

ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கொடுங்கள்: குறை என்ன, அது எதனால் வந்தது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு. மூன்றாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பொதுப்பணித் துறை விலைப்பட்டியலை வைத்துப் போட்ட மதிப்பீடு என்றால் யாரும் எளிதில் மறுக்க முடியாது. எங்களுக்கு வந்தது 3,40,000.

7. நோட்டீஸ்

வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் இல்லை, ஆனால் பாதிப் பேர் இதிலேயே பேச வந்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டின் நகலோடு 15 நாள் கெடு கொடுத்து அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து வைக்கலாம், செலவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நாளை வீணாக்க வேண்டாம். வேலை சரியில்லை என்பது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்குள் ஊரில் பகை முற்றிவிடும்.

8. நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல்

நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். இங்கே கணக்கு நஷ்டஈடாகக் கேட்கும் தொகை இல்லை, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த பணம். சொந்த மனை என்றால் மனை விலை இதில் சேராது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஒப்பந்தக்காரர் வெளியூரில் இருந்தாலும் சரி.

கட்டணம் மிகக் குறைவு: கொடுத்த தொகை 5 லட்சம் வரை இலவசம், 10 லட்சம் வரை 200, 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000 ரூபாய். இதே பணத்தைச் சிவில் கோர்ட்டில் கேட்டால் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட்டுக் கட்டணம். இணையத்தில் தாக்கல் செய்ய 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி என்ற தளம் இருக்கிறது, அதற்கு முன்பு இ-தாக்கில்.

சேர்க்க வேண்டியவை: புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், ஒப்பந்தம், அனுமதி பெற்ற வரைபடம், பணம் கொடுத்த ஆதாரம், தேதியோடு படங்கள், இன்ஜினியர் ரிப்போர்ட், கடிதங்கள், தபால் சான்றுகள். வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் வங்கி ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த ஆய்வுக் குறிப்பையும் கேட்டுப் பாருங்கள்.

பணம் கொடுத்த ஆதாரத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அறுவடைப் பணம், நகை அடகு வைத்த பணம், எல்லாம் ரொக்கமாகக் கையில் கொடுத்திருப்போம். எங்கள் 23 லட்சத்தில் 6 லட்சம் அப்படி. நல்லவேளையாக ஒப்பந்தக்காரர் தன் பாக்கெட் டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பக்கங்களை என் மனைவி ஒவ்வொரு தடவையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். ஒப்பந்தமே எழுதவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம், வங்கிப் பரிமாற்றமும் வாட்ஸ்அப் பேச்சும் சேர்ந்து வாய்மொழி ஒப்பந்தத்தைக் காட்டிவிடும்.

வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், சட்டம் அனுமதிக்கிறது. ரிப்போர்ட் சிக்கலானது என்றால் வைத்துக்கொள்வது நல்லது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். மனை மனைவி பெயரிலும் ஒப்பந்தம் அவர் கையெழுத்திலும் இருந்தால் அவரே புகார்தாரர் ஆகலாம். உதவிக்கு 15100.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், அதற்கு மேல் 15 நாள் வரை நீட்டிப்பு, அவ்வளவுதான். சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு 15 மாதம் ஆனது, ஒன்றிலிருந்து ஒன்றரை வருடத்துக்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

9. சமரசம் வந்தால் எழுத வேண்டியது

முடித்துக்கொள்ள வாய்ப்பு தெரிந்தால் ஆணையமே சமரசத்துக்கு அனுப்பும். எங்கள் விவகாரம் அங்கேதான் முடிந்தது, 2,75,000 ரூபாய்க்கு. முழுத் தொகை இல்லைதான். ஆனால் மேல்முறையீடு என்று இன்னும் இழுத்திருந்தால் அதற்குள் இரண்டு மழை போயிருக்கும். அவர் முதலில் சொன்னது "நானே வந்து சரிசெஞ்சு குடுத்துடறேன்" என்பது. நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் தடவை ஒழுங்காகச் செய்யாத கையிடம் மறுபடியும் ஏன் கொடுக்க வேண்டும்? நீங்கள் ஒப்புக்கொள்வதானால் எந்த முறை, என்ன பொருள், எந்தத் தேதி, யார் மேற்பார்வை, செய்யத் தவறினால் எவ்வளவு பணம், செய்த வேலைக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று ஒவ்வொன்றையும் எழுத வைத்து, அதை ஆணையத்தின் உத்தரவாகவே பதியச் சொல்லுங்கள். வெளியே தனியாகக் கையெழுத்துப் போட்டுப் புகாரை வாபஸ் வாங்காதீர்கள். உத்தரவாக இருந்தால்தான் அவர் மீறினால் நிறைவேற்று மனு போட முடியும். மீறினால் 1 மாதத்திலிருந்து 3 வருடம் வரை சிறையோ, 25,000-க்குக் குறையாமல் 1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

எனக்கு ஆன செலவு: இன்ஜினியர் 10,000, குழி தோண்டிய கூலி 1,500, ஹாமர் சோதனை 12,000, வக்கீல் 30,000, தாக்கல் கட்டணம் 1,000. நகல், தபால், பஸ் எல்லாம் சேர்த்து 58,000-க்குள் முடிந்தது.

புரமோட்டரிடம் வாங்கியவர்களுக்கு

தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணத்தில் புரமோட்டர் கட்டிய தனி வீடுகள் இப்போது நிறைய. உங்கள் திட்டம் தமிழ்நாடு ரெராவில் பதிவானதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலமும், 8 வீடுகளுக்கு உட்பட்ட திட்டமும் பதிவிலிருந்து விலக்கு பெறுகின்றன, சின்ன புரமோட்டர்கள் பலர் இந்த எல்லைக்குள்ளேயே கட்டிக்கொள்வதால் வாங்கும் முன்பே கேளுங்கள்.

பதிவான திட்டம் என்றால் 2016-ஆம் வருட ரெரா சட்டத்தின் 14(3) பிரிவு உங்களுக்குப் பெரிய பலம். சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டட அமைப்பிலோ கைவேலையிலோ தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் தெரிவித்தால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும், தவறினால் நஷ்டஈடு. அதனால் சாவி வாங்கிய தேதிக்கு எழுத்து ஆதாரம் வாங்குங்கள், பத்திரம் பதிந்த தேதியும் சாவி தேதியும் வேறு வேறாக இருக்கலாம். "ஒரு வருஷம்தான் சார் வாரண்டி" என்று விற்பனை ஆள் சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, கரையான் மருந்து இவற்றின் கம்பெனி வாரண்டி தனி, அந்த அட்டைகளைச் சாவியோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ரெராவுக்கோ நுகர்வோர் ஆணையத்துக்கோ எது வேண்டுமானாலும் போகலாம், ஒரே கோரிக்கையை இரண்டிலும் போட வேண்டாம்.

பணம் வந்த பிறகு

உடனே ஆளைக் கூப்பிடாதீர்கள், பருவம் பாருங்கள். மாடி வேலையைப் பங்குனி சித்திரையில் வையுங்கள், கான்கிரீட் உள்ளே வரைக்கும் காய்ந்திருக்கும். நாங்கள் 2025 பங்குனியில் தட்டோட்டை முழுவதும் பெயர்த்து, சுண்ணாம்புத் தளம் போட்டு, மறுபடியும் ஓடு பதித்தோம். மேற்குச் சுவர் அடியில் கடைக்காலை இரண்டு இரண்டு அடியாகத் திறந்து கான்கிரீட் கொடுத்துப் பலப்படுத்தினார்கள், ஒரே நீளமாகத் தோண்ட விடாதீர்கள், சுவர் இறங்கிவிடும். மாடித் தண்ணீர் சுவர் ஓரத்தில் கொட்டாமல் குழாய் போட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விட்டோம், வீட்டைச் சுற்றி மூன்றடிக்குச் சரிவாக ஒரு தளமும் போட்டோம். வெடிப்பின் மேல் பூசுவதை மட்டும் ஒரு மழைக்காலம் தள்ளி வைத்தோம். கண்ணாடித் துண்டுகள் புதிதாக இரண்டு ஒட்டி, தேதி எழுதி, அந்தக் கார்த்திகை வரை உடையவில்லை என்று பார்த்த பிறகுதான் கொத்தனார் கரண்டியை எடுத்தார்.